பாதி சொன்னால் போதும்!

'ஆசை அறுபது நாள்' என்று ஒருவர் ஆரம்பித்தால், மீதியைப் பக்கத்தில் இருப்பவர் முடித்துவைப்பார். 1976-ல் அந்த ஒரே பழமொழியின் இரண்டு பாதிகளும் தனித்தனிப் படங்களாகத் திரைக்கு வந்தன. துரை இயக்கிய 'ஆசை அறுபது நாள்' முன்பாதியை எடுத்துக்கொண்டது. பின்பாதி எஸ்.பி.முத்துராமனுக்குப் போனது: 'மோகம் முப்பது வருஷம்'. மணியன் விகடனில் எழுதிய தொடர்கதையின் தலைப்பு அது. முப்பதே நாளில் தீர்ந்துவிடும் என்று ஊர் சொன்னதை முப்பது வருஷத்துக்கு இழுத்துவிட்டார் மணியன். நாள் இருந்த இடத்தில் வருஷம், அவ்வளவுதான். கதை என்னவாக இருக்கும் என்ற ஆவல் தலைப்பிலேயே பிறந்துவிட்டது.

ஐம்பதுகளில் இப்படி வெட்டவோ வளைக்கவோ அதிகம் பேர் துணியவில்லை. சொல்வழக்கை அப்படியே போஸ்டரில் ஏற்றினார்கள். ஜெமினி கணேசன், சாவித்திரி நடித்த 'மனம் போல் மாங்கல்யம்' 1953-ல் வந்தது. தேவர் பிலிம்ஸின் முதல் படமே 'தாய்க்குப் பின் தாரம்' (1956). 1958 பொங்கலுக்கு ஏ.கே.வேலன் கொண்டுவந்த படம் 'தை பிறந்தால் வழி பிறக்கும்'. தலைப்பு சொன்னது தயாரிப்பாளருக்கே பலித்தது. அந்த லாபத்தில்தான் அவர் அருணாசலம் ஸ்டூடியோவைக் கட்டினார்.

பழமொழித் தலைப்புக்குத் தனி விளம்பரம் தேவையில்லை. பாட்டி வாயால் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்ததைத் தியேட்டர் வாசலில் பார்க்கும்போது, இது நம் வீட்டுக் கதை என்ற எண்ணம் வந்துவிடும். முடிவும் முன்கூட்டியே தெரியும். 'தர்மம் தலை காக்கும்' (1963) என்று பெயர் வைத்து, எம்.ஜி.ஆரையும் நாயகனாகப் போட்டால், தர்மம் தோற்குமோ என்று யார் கவலைப்படப் போகிறார்கள்? எப்படி ஜெயிக்கிறது என்று பார்க்கத்தான் கூட்டம் வந்தது.

ஆனால், எந்தப் பழமொழிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 'பானை பிடித்தவள் பாக்கியசாலி' (1958), 'தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலை' (1959)... வீடு விளங்குவதும் விளங்காமல் போவதும் பெண்ணின் கையில் என்று சொல்பவையே முன்னால் வந்து நின்றன. ஆணின் பொறுப்பைச் சொல்லும் பழமொழிகளும் நம்மிடம் உண்டு. அவற்றுக்குப் போஸ்டரில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கவில்லை. பணத்தின் திமிரைக் குத்தும் 'பணம் பந்தியிலே' (1961) போன்றவை நல்ல விதிவிலக்கு. 'குணம் குப்பையிலே' என்பதைத் தலைப்பில் போடாமல், ரசிகரே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

2013-ல் நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்' இதே உத்தியைத் தலைகீழாக்கியது. பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் பிறந்து, இன்று பழமொழியாகவே புழங்கும் வாசகம் அது. கடைசியில் தர்மமே வெல்லும் என்ற மீதிப் பகுதியைத் தலைப்பு சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. நேர்மையான அமைச்சர் ஓரங்கட்டப்பட, தில்லுமுல்லுக்காரப் பிள்ளை பதவிக்கு வருகிறான். 'தர்மம் தலை காக்கும்' வந்து சரியாக ஐம்பது ஆண்டுகளில், ரசிகர்கள் இதற்கும் சிரித்துக் கைதட்டினார்கள். பழமொழியை அப்படியே நம்பிய காலம் போய், அதோடு வாதாடும் காலம் வந்திருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பீட்டர் பெர்சிவல் 1874-ல் வெளியிட்ட தமிழ்ப் பழமொழித் தொகுப்பில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சினிமா தொட்டது அதில் கொஞ்சம்தான். பழைய ரஜினி, எம்.ஜி.ஆர். படப் பெயர்களையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் இயக்குநர்களே, அந்தத் தொகுப்பை ஒருமுறை புரட்டுங்கள். அங்கே யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை!