அம்மா தந்த சிறுநீரகம், 90-ம் நம்பர் ஜெர்சி... கேலரியிலிருந்து களமிறங்கிய 42 வயது கோல் கீப்பர்!

மேட்ச் பார்க்கப் போன இடத்தில், "ஆள் குறையுது, நீ வந்து ஆடு" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? தெரு கிரிக்கெட்டில் இது சகஜம். ஆனால், கோடிகளில் சம்பளம் புரளும் ஒரு லீக்கில்? உலகின் மிகப்பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்-லில் இதற்கென்று ஒரு விதியே இருக்கிறது. அந்த விதியால் ஒரு சாதாரண மனிதருக்குக் கிடைத்த 28 நிமிடங்களைப் பற்றிய கதைதான் இது.

முதலில் விதி. ஒவ்வொரு டீமும் இரண்டு கோல் கீப்பர்களோடு களத்துக்கு வரும். இருவருமே காயம்பட்டுவிட்டால்? மற்ற வீரர்களில் ஒருவரை நிறுத்தலாம்தான். ஆனால், உறைய வைத்த 170 கிராம் ரப்பர் வட்டு, மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் முகத்துக்கு நேராக வரும். பழக்கமில்லாதவரை அதன் எதிரில் நிறுத்துவது பாவம். அதனால் மேட்ச் நடக்கும் ஊரிலேயே ஒரு 'அவசர கோல் கீப்பர்' தயாராக இருக்க வேண்டும். இரண்டு டீம்களுக்கும் பொதுவான ஆள் அவர். பகலில் வேறு வேலை பார்ப்பவர், பொழுதுபோக்குக்காக ஹாக்கி ஆடுபவர். கேலரியில் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பார், சாப்பிடுவார், வீட்டுக்குப் போவார். பெரும்பாலானவர்களுக்கு அந்த அழைப்பு வாழ்நாள் முழுக்க வருவதே இல்லை.

கனடாவிலும் அமெரிக்காவின் குளிர் மாகாணங்களிலும் இப்படிப் பொழுதுபோக்குக்காக ஆடுபவர்களின் உலகமே தனி. கொல்லைப்புறத்தில் அப்பா தண்ணீர் ஊற்றி உறைய வைத்த சின்ன ஐஸ் தளத்தில்தான் பலருக்கும் ஆட்டம் அறிமுகமாகிறது. வளர்ந்து, வேலை, குடும்பம் என்று ஆன பிறகும் விட முடியாமல் ஏதாவது ஒரு உள்ளூர் லீக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். இந்த ஆட்டங்களுக்கு 'பீர் லீக்' என்றே செல்லப்பெயர். ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை! உள்ளரங்க ஐஸ் தளத்தின் வாடகை அதிகம். மாலை நேரமெல்லாம் குழந்தைகளின் பயிற்சிக்குப் போய்விடும். பெரியவர்களுக்குக் கிடைப்பது இரவு 10 மணி, 11 மணி. நள்ளிரவு தாண்டி, வியர்வை நாற்றமடிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பி, காலையில் ஆபீஸ் போவார்கள்.

இவர்களில் கோல் கீப்பர்களுக்குத்தான் எப்போதும் பஞ்சம். உடுப்பு விலை அதிகம், அடியும் அதிகம். அதனால் மற்றவர்கள் காசு போட்டு ஆட, கோல் கீப்பரிடம் மட்டும் பல இடங்களில் பணம் வாங்குவதில்லை. டொரன்டோவில் வாடகைக்கு கோல் கீப்பர் பிடித்துத்தரும் செயலிகள்கூட உண்டு.

பழைய காலத்தில் ஒரு டீமுக்கு ஒரே ஒரு கோல் கீப்பர்தான். 1928 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கீப்பருக்குக் கண்ணில் அடிபட, 44 வயதுப் பயிற்சியாளர் லெஸ்டர் பேட்ரிக் தானே உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ரேஞ்சர்ஸ் ஜெயித்தது! 1950-களில் டெட்ராய்ட் அணியின் உதவியாளர் லெஃப்டி வில்சன், எதிரணியின் கீப்பருக்கு அடிபட்டதால் தன் சொந்த டீமுக்கு எதிராகவே நின்ற கதையும் உண்டு. 1965-66 சீசனில்தான் இரண்டு கீப்பர்கள் கட்டாயம் என்றானது.

ஆனாலும் அவசரம் அவசரம்தான். 2016-ன் கடைசி நாளில், கரோலினா ஹரிக்கேன்ஸ் அணியின் உடுப்புகளையும் ஸ்கேட்டுகளையும் பராமரிக்கும் ஜார்ஜ் ஆல்வெஸ் களமிறக்கப்பட்டார். அவர் ஆடியது 7.6 விநாடிகள். நிமிடங்கள் அல்ல, விநாடிகள்!

2018 மார்ச் 29 அன்று சிகாகோவில் வாய்ப்பு வந்தது ஸ்காட் ஃபாஸ்டருக்கு. 36 வயது, அக்கவுன்டன்ட், பீர் லீக் கீப்பர். கடைசி 14 நிமிடங்கள் நின்று, வந்த ஏழு ஷாட்களையும் தடுத்தார். ஆட்ட நாயகனும் அவரே. இதை இனி யாராலும் என்னிடமிருந்து பறிக்க முடியாது என்கிற அர்த்தத்தில் அன்றிரவு நிருபர்களிடம் பேசிவிட்டு, தன் கணக்கு வேலைக்குத் திரும்பினார்.

இவர்கள் எல்லோரையும்விட என் மனதில் நிற்பவர் டேவிட் ஏயர்ஸ்.

டொரன்டோ பக்கத்து ஊர்க்காரர். சின்ன வயதிலிருந்தே கோல் கீப்பர். சிறுநீரகம் செயலிழந்து, 2004-ல் அவருடைய அம்மா மேரி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றினார். தொழில்முறை வீரராகும் ஆசை அதோடு முடிந்தது. ஆனால், ஐஸை விட்டு அவர் போகவில்லை. டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸின் துணை அணியான மார்லிஸின் மைதானத்தில் ஜாம்போனி ஓட்டினார். ஆட்டத்தில் கீறல் விழுந்த ஐஸைச் சீவி, சுடுதண்ணீர் விட்டு மறுபடி கண்ணாடியாக்கும் வண்டி அது. பிறகு, லீஃப்ஸின் பழைய கோட்டையான மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில் வேலை. இப்போது அங்கே கீழே சூப்பர் மார்க்கெட், மேலே ஐஸ் தளம். லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967-ல், அதே கட்டடத்தில்தான். (ஸ்கார்பரோவில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், அடுத்த கோப்பை எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பெருமூச்சு போன் வழியாகவே கேட்கும்!)

லீஃப்ஸ் வீரர்களின் பயிற்சியில் ஆள் தேவைப்பட்டால் கீப்பராக நிற்பதும் ஏயர்ஸ்தான். அவர்களுடைய ஷாட்கள் அவருக்கு அத்துப்படி.

2020 பிப்ரவரி 22, சனிக்கிழமை இரவு. டொரன்டோவின் ஸ்கோஷியாபேங்க் அரீனாவில் லீஃப்ஸும் கரோலினாவும் மோதின. ஏயர்ஸ் கேலரியில். முதல் பீரியடிலேயே கரோலினா கீப்பர் ஜேம்ஸ் ரைமர் காயத்தோடு வெளியேறினார். ஏயர்ஸ் இறங்கிப் போய் பாதி உடுப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். இரண்டாவது பீரியடில் அடுத்த கீப்பர் பீட்டர் மிராஸெக்கும் மோதலில் சரிந்தார். அழைப்பு வந்தது. கரோலினா 3-1 என முன்னிலை, மீதி 28 நிமிடம் 41 விநாடி. 42 வயது மனிதர் 90-ம் நம்பர் சிவப்பு ஜெர்சியில் ஐஸில் இறங்கினார். தலையில் இருந்ததோ மார்லிஸ் ஹெல்மெட்!

கரோலினா இன்னொரு கோல் போட்டு 4-1. ஏயர்ஸை நோக்கி வந்த முதல் ஷாட், கோல். இரண்டாவது ஷாட், அதுவும் கோல். 4-3.

அந்த இடைவேளையை நினைத்துப் பாருங்கள். ப்ளே ஆஃபுக்குப் போராடும் ஒரு டீமின் புள்ளிகள், அன்றுவரை முகம்கூடத் தெரியாத ஒருவர் கையில். கோபப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால், 'எத்தனை கோல் விழுந்தாலும் கவலைப்படாதே, அனுபவித்து ஆடு' என்றுதான் வீரர்கள் அவரிடம் சொன்னார்கள். பேட்டிகளில் ஏயர்ஸ் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்றாவது பீரியடில் கரோலினா வீரர்கள் அவர் முன்னால் சுவர் கட்டினார்கள். லீஃப்ஸால் அந்த 20 நிமிடங்களில் ஏழு ஷாட்கள்தான் அடிக்க முடிந்தது. ஏழையும் ஏயர்ஸ் தடுத்தார். மொத்தம் 10 ஷாட், எட்டு தடுப்பு. கரோலினா 6-3 என வென்றது. அறிமுகப் போட்டியிலேயே வென்ற மிக வயதான என்.ஹெச்.எல் கோல் கீப்பர் என்ற பெயர் அவருக்கு. உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தவரை தண்ணீரைப் பீய்ச்சி நனைத்துக் கொண்டாடினார்கள்.

எனக்குப் பிடித்தது கேலரியில் நடந்ததுதான். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் லீஃப்ஸ் ரசிகர்கள். 1967-லிருந்து காத்திருக்கும் குடும்பங்கள். ஐஸ் வண்டி ஓட்டியவரிடம் தோற்ற டீம் என்று நாளைக்கு நாடே சிரிக்கப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா? இருந்தும் ஏயர்ஸுக்குக் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் இரவு 11 மணி ஆட்டத்துக்குப் பை தூக்கிப் போகிறவர்கள் எத்தனை பேரோ! தங்களில் ஒருவன் ஜெயித்தால், டீம் தோற்றதுகூட ஒரு நிமிடம் மறந்துபோகும்போல.

அந்த இரவுக்கு ஏயர்ஸுக்குக் கிடைத்தது 500 டாலரும், போட்டுக்கொண்ட ஜெர்சியும். கரோலினா அணி அவர் பெயரில் டி-ஷர்ட் விற்றது. அதில் அவருக்கு ஒரு பங்கு, சிறுநீரக அறக்கட்டளைக்கு ஒரு பங்கு. கரோலினா அணியின் ஊரான ராலேயில் பிப்ரவரி 25-ம் தேதியை 'டேவிட் ஏயர்ஸ் தினம்' என்று மேயர் அறிவித்தார். அவருடைய ஹாக்கி மட்டை டொரன்டோவில் இருக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனது.

அந்த மேட்சுக்குப் பிறகு, இந்த விதியை மாற்ற வேண்டுமா என்று அணி நிர்வாகிகள் கூடிப் பேசினார்கள். அப்போது வேண்டாம் என்றே விட்டுவிட்டார்கள். ஆனால், 2025-ல் லீக்கும் வீரர்கள் சங்கமும் ஏற்றுக்கொண்ட புதிய ஒப்பந்தம் கதையை மாற்றிவிட்டது. 2026-27 சீசன் முதல் ஒவ்வொரு அணியும் தனக்கென ஒரு முழுநேர அவசர கீப்பரை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அணியோடு சேர்ந்து பயிற்சி செய்வார், ஊர் ஊராகப் பயணம் செய்வார். நிர்வாகிகள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு புள்ளியில் ப்ளே ஆஃப் நழுவும் சீசனில், கேலரியிலிருந்து வரும் ஒருவரை நம்பியிருப்பது ரிஸ்க்தான். பார்வையாளனாக எனக்கு மட்டும் மனசு வரவில்லை. என்.ஹெச்.எல் ஐஸில் ஒரு ரசிகன் காலெடுத்து வைக்க இருந்த ஒரே வாசல் அது.

ஏயர்ஸுக்கு அதன்பிறகு இன்னொரு என்.ஹெச்.எல் மேட்ச் கிடைக்கவில்லை. ஸ்காட் ஃபாஸ்டருக்கும்தான். கோல் கீப்பர்கள் பற்றிய புள்ளிவிவரப் பட்டியலில், நூற்றுக்கணக்கான போட்டிகள் ஆடியவர்களின் பெயர்களோடு இவர்கள் பெயர்களும் இருக்கின்றன. ஆடிய போட்டிகள்: 1. ஏயர்ஸ் பெயருக்கு நேரே இன்னொரு கட்டத்தில், வெற்றி: 1.