கடை வண்டியின் கிளட்சும் கேம் செயினும்

மளிகைக் கடைக்குத் தராசு எப்படியோ, அப்படி ஆகிவிட்டது மோட்டார் சைக்கிள். காலையில் மார்க்கெட்டிலிருந்து காய்கறி, மண்டியிலிருந்து பருப்பு மூட்டை, மாலையில் வீடு வீடாகச் சாமான் கொடுப்பது, இடையில் வசூல் என்று அத்தனையும் அதன் முதுகில்தான். வண்டி ஒரு நாள் நின்றால் ஆட்டோ வாடகை போகிறது. அதைவிட, சொன்ன நேரத்துக்குச் சாமான் வராத வீட்டுக்காரர் அடுத்த மாதச் சிட்டையை வேறு கடையில் கொடுத்து விடுகிறார். ஆட்டோ வாடகையைக் கணக்கில் எழுதலாம். போன வாடிக்கையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

கடை வண்டியை நிறுத்திப் போடுகிற கோளாறுகளில் கிளட்சும் கேம் செயினும் முக்கியமானவை. இவற்றில் எதை நாமே பார்த்துக் கொள்ளலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று வணிக அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. நான் மெக்கானிக் அல்ல, மொத்த வியாபாரி. ஆனால் எங்கள் கடையில் எப்போதும் மூன்று வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் செலவுச் சீட்டு என் மேஜைக்குத்தான் வருகிறது. அதனால் ஸ்பேனர் பிடிக்கவும் பழகிக் கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். நம்மில் வயதானவர்கள் பலரும் 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் பழகியவர்கள். அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் நம் கடமை முடிந்தது. அதில் வால்வும் இல்லை, கேம் செயினும் இல்லை. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது, 1994-இல் ஸ்பிளெண்டர் வந்தது, 2015-இல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வந்தது. இவையெல்லாம் நான்கு ஸ்ட்ரோக். எஞ்சின் அடியில் தனியாக ஆயில் நிற்கிறது. ஸ்பிளெண்டர் போன்ற வண்டியில் அது சுமார் ஒரு லிட்டர்தான். அந்த ஒரு லிட்டர்தான் பிஸ்டன், வால்வு, கியர், கிளட்ச், கேம் செயின் எல்லாவற்றுக்கும் சோறு. மொபெட் காலத்துப் பழக்கத்தில் பெட்ரோலை மட்டும் பார்த்துவிட்டு, ஆயில் குச்சியை மாதக் கணக்கில் உருவிப் பாராத கடைகள் ஏராளம். இக்கட்டுரையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கிளட்ச் என்பது அப்பளக் கட்டு மாதிரி அடுக்கிய தட்டுகள். பிடிமானப் பூச்சு உள்ள தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி இருக்கும். ஸ்பிரிங்குகள் இவற்றை அழுத்திப் பிடித்தால் எஞ்சின் சக்தி சக்கரத்துக்குப் போகும். லீவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும், தட்டுகள் தனித்தனியே சுழலும். எக்ஸ்.எல். போன்ற வண்டிகளில் லீவர் கிடையாது. வேகம் கூடும்போது கிளட்ச் தானாகவே பிடித்துக் கொள்ளும். ஆகவே கீழே கேபிள் பற்றிச் சொல்வது கியர் வண்டிகளுக்கு மட்டும்.

கடைப் பையன் வந்து, "அண்ணாச்சி, பாலம் ஏறும்போது வண்டி இழுக்க மாட்டேங்குது, எஞ்சின் மட்டும் கத்துது" என்றால், தட்டு வழுக்குகிறது என்று பொருள். உடனே "பிளேட் மாத்தணும்" என்று முடிவு கட்டி விடாதீர்கள். லீவர் நுனியை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கேபிள் இறுகுவதற்கு முன் 10 முதல் 20 மில்லி மீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால், கையை விட்ட பிறகும் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடியே ஓடுகிறது. கேபிளின் கீழ்முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி ஆட்டம் கொடுத்தால் பல சமயம் அத்தோடு நோய் தீர்ந்துவிடும். செலவு ஐந்து நிமிஷம்தான். இதற்கு மாறாக ஆட்டம் மிக அதிகமாக இருந்தால் லீவரைப் பிடித்தும் வண்டி முன்னே நகரப் பார்க்கும், கியர் 'கடக்' என்று விழும், நியூட்ரல் கிடைக்காது.

அடுத்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி ஓடுவது. டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்க வேண்டும். எம்.பி. என்ற குறி உள்ளது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். கார் எஞ்சினுக்கு அது நல்லது, நம் கிளட்ச் தட்டுக்கு விளக்கெண்ணெய் தடவியது போலாகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஆயிலை வாங்கி ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயிலை எத்தனை கிலோ மீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். மூட்டை ஏற்றி, சந்து பொந்தில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்தக் கெடுவுக்கும் முன்பே மாற்றுவது என் வழக்கம்.

ஆயிலும் கேபிளும் சரியாக இருந்தும் வழுக்கினால்தான் தட்டுகளைப் பார்க்க வேண்டும். கை ராசியுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் இதைச் செய்யலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். ஆயிலை வடித்துவிட்டு, வலப்பக்கம் கிக்கரையும், வழி மறிக்கும் கால் தாங்கியையும் கழற்றுங்கள். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. நம்மிடம் இல்லாத அட்டைப் பெட்டியா? பிஸ்கட் பெட்டி அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை இடத்தில் முறுக்கினால் அலுமினியக் கூடு விரிந்துவிடும். அது தட்டுச் செலவைப்போல் பல மடங்கு.

ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றையே முழுதாகக் கழற்றாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் நடு நட்டைக் கழற்றினால்தான் தட்டுகள் வெளிவரும். அதற்கென்று தனிச் சாவி உண்டு. அது இல்லாமல் உளியை வைத்துத் தட்டுவதானால் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவது மேல். வெளியே எடுத்த தட்டுகளை எடுத்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். பூச்சுத் தட்டு கருகி, கண்ணாடிபோல் மினுங்கினால் போய்விட்டது. இரும்புத் தட்டை மேஜைக் கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. ஸ்பிரிங்குகளை நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையானாலும் செட்டாக மாற்றுவதே முறை. புதுப் பூச்சுத் தட்டுகளைச் சில மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்ட பிறகே பூட்ட வேண்டும். உலர்ந்த தட்டு முதல் ஓட்டத்திலேயே கருகும். மூடிக்குப் புது கேஸ்கெட் போடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தட்டு சீக்கிரம் தேய்வதற்குப் பாதிக் காரணம் ஓட்டுகிறவர் கை. இரண்டு விரலை எப்போதும் லீவர் மேல் போட்டபடி, மூட்டையோடு பாதி கிளட்சில் ஊர்ந்து போவது நம் கடைப் பையன்களுக்குக் கைவந்த கலை. சொல்லித் திருத்த வேண்டியது முதலாளிதான்.

இனி கேம் செயின். எஞ்சின் அடியிலுள்ள கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால், தலையிலுள்ள கேம் தண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடுவது இதனால்தான். இரண்டையும் இணைப்பது விரல் அகலம்கூட இல்லாத ஒரு சிறு சங்கிலி. அது தொய்யாமல் இருக்க டென்ஷனர் என்ற அமைப்பு உண்டு. பழையபடி ஆயில் கெட்டாலோ குறைந்தாலோ சங்கிலி நீளும், டென்ஷனரின் ரப்பர் உருளை தேயும். அப்போது நியூட்ரலில் நிற்கும்போது எஞ்சின் பக்கவாட்டிலிருந்து சில்லறைப் பையைக் குலுக்குவது போல் ஒரு சத்தம் வரும். தலைப்பக்கம் 'டிக் டிக்' என்று சீராக வருவது டேப்பெட். வண்டி ஓடும்போது பின்சக்கரத்தருகே உரசுவது வெளிச் செயின். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகினால், தேவையில்லாத வேலைக்குக் காசு கொடுக்க வேண்டியிராது.

இந்தச் சத்தத்தை "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டு வைக்கக் கூடாது. சங்கிலி ஒரு பல் தாண்டினாலே இழுவை போய்விடும், ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும். அறுந்து போனால் சில எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். சில நூறு ரூபாய்ச் சங்கிலி, எஞ்சின் இறக்கும் செலவில் கொண்டு போய் விடும்.

ஆனால் இந்த வேலையை நாமே செய்ய வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் இடப்பக்கம் மேக்னெட்டைப் புல்லர் வைத்து இழுத்த பிறகே சங்கிலி கையில் வரும். பிறகு மேக்னெட்டிலுள்ள 'டி' குறியையும் கேம் சக்கரத்தின் குறியையும் மயிரிழை பிசகாமல் சேர்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் விட்டாலும் பக்கத்தில் நில்லுங்கள். சங்கிலியை மட்டும் மாற்றாமல் உருளையையும் கைடையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த உருளையில் புதுச் சங்கிலி நெடுநாள் நிற்காது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பேர் வாங்குவதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கலப்பட மிளகை முகர்ந்தே கண்டுபிடிக்கிறவர்கள் நாம். எங்கள் வண்டிக்கு ஒரு முறை கம்பெனி டப்பாவில் வந்த கிளட்ச் தட்டு மூன்றே மாதத்தில் பூச்சு உதிர்ந்தது. டப்பாவின் அச்சைப் பார்த்தால் எழுத்து மங்கலாக இருந்தது. பில் இல்லாத சாமானைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்குங்கள். செலவுக் கணக்குக்கும் அது ஆதாரம்.

வேலை முடிந்ததும் முதல் இரண்டு நாள் மூட்டை ஏற்றாமல் வசூலுக்கு மட்டும் அனுப்புங்கள். மூன்றாம் நாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் அளவையும் கிளட்ச் லீவரின் ஆட்டத்தையும் மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு மண்டிக்கு விடலாம்.