அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்... நமக்கும் வருமா?

எதுக்காக டாக்டர்கிட்ட போனாலும் பிபி பார்த்துக்கிட்டே ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்னை இருக்கா?" 'அப்பாவுக்கு இருக்கு'ன்னு சொல்லிட்டு வந்து, ராத்திரி முழுக்க கூகுள்ல தேடுற ஆளா நீங்க? அப்ப இதைப் படிங்க.

முதல்ல வயசைக் கேளுங்க!

அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயசுக்கு முன்னாலயோ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயசுக்கு முன்னாலயோ இதய நோய் வந்திருந்தா, உங்களுக்கும் ரிஸ்க் அதிகம். 80 வயசுல தாத்தாவுக்கு வந்தது வேற கணக்கு.

நாம பிறந்த மண்ணும் ஒரு காரணம். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதையொட்டி வந்தது. மற்ற நாட்டினருக்கு 59 வயதையொட்டி.

அப்போ தலையெழுத்தா?

இல்லை. 2004-ல் வெளியான அதே ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவிகிதத்தை 9 விஷயங்களோடு தொடர்புபடுத்தியது. புகை, கொலஸ்ட்ரால், பிபி, சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி - பழம் குறைவு, உடற்பயிற்சி இல்லாமை, மதுப்பழக்கம். குடும்ப வரலாற்றையும் சேர்த்தபோது அந்தக் கணக்கு பெரிசா மாறலை.

ஏன்னா, அப்பாகிட்ட இருந்து ஜீன் மட்டும் வர்றதில்லை. அதே சமையல், அதே ஊறுகாய், அதே டிவி சோபா, சில வீடுகளில் அதே சிகரெட்டும் சேர்ந்தே வருது. ஜீனை மாத்த முடியாது. மத்ததை மாத்தலாம்.

'நான் ஒல்லிதானே?'

கை, கால் ஒல்லியா இருந்து வயிறு மட்டும் முன்னால வந்திருந்தா உஷார். வயிற்றுக்குள்ள உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, சுகரையும் கெட்ட கொழுப்பையும் ஏத்திவிடும். டேப்பை எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

என்ன செய்யலாம்?

* பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மூணையும் இப்பவே பாருங்க. பிபி ஏறினாலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.
* வாரத்துக்கு 5 நாள், தினமும் 30 நிமிடம் வேகமா நடங்க.
* ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ள இருக்கட்டும். அதாவது, ஒரு டீஸ்பூன்.
* சிகரெட்டை நிறுத்துங்க. ஒரே வருஷத்துல, புகைப்பவரோட ஒப்பிட்டா இதய நோய் ஆபத்து பாதியா குறையும்.

இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ஒரு கேள்வி கேளுங்க: "அப்பா, உங்களுக்கு எந்த வயசுல வந்துச்சு?" அந்த எண்ணை போன்ல குறிச்சு வெச்சுட்டு, அடுத்த முறை டாக்டர்கிட்ட போறப்ப மறக்காம சொல்லுங்க.