தீர்ப்பு கல்முனையில், சொத்து கடலுக்கு அப்பால்

வழக்கில் வென்றால் காசு கைக்கு வந்துவிடும் என்றே நமது வர்த்தகர்கள் பலர் நினைக்கின்றனர். தீர்ப்பு எடுப்பது ஒரு வேலை. அந்தத் தீர்ப்பைக் கொண்டு எதிராளியின் சொத்தைப் பிடித்துக் காசாக்குவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை, சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் நடக்கும்.

உள்நாட்டுக்குள் இதில் பெரிய சிக்கல் இல்லை. கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு எடுத்தவர், கடன்பட்டவரின் சொத்து கொழும்பில் இருந்தாலும் அங்குள்ள பிஸ்கால் மூலம் அதனை நிறைவேற்றலாம். ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 337ஆம் பிரிவு இதற்கு 10 வருட எல்லை விதித்திருக்கிறது. முகத்தாட்சண்யத்துக்காகத் தீர்ப்பை அலுமாரியில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடல் கடந்தால்தான் கஷ்டம். மருதமுனை நெசவு வியாபாரி ஒருவர் தமிழ்நாட்டு நூல் கம்பனி ஒன்றுக்கு முற்பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல் வரவில்லை. கல்முனையில் வழக்குப் போட்டு வெல்கிறார். அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு இந்தியா போனால் நேரடியாக நிறைவேற்ற முடியாது. இந்தியக் குடியியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு, இந்திய அரசு அறிவித்துள்ள நாடுகளின் தீர்ப்புகளையே நேரடியாக நிறைவேற்ற அனுமதிக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, பங்களாதேஷ் அந்தப் பட்டியலில் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்க்கப்பட்டது. இலங்கை இல்லை.

ஆகவே நமது வியாபாரி தன் தீர்ப்பை ஆதாரமாக வைத்து அங்கே புதிதாக ஒரு வழக்குத் தொடர வேண்டும். அதற்கும் 3 வருடத் தவணைதான். எதிராளி இங்கு வராமலே இருந்து, விடயம் முறையாக ஆராயப்படாமல் எடுத்த தீர்ப்பென்றால், 13ஆம் பிரிவின்படி அது அங்கே செல்லாது போகலாம்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். வெளிநாட்டுத் தீர்ப்புகளை இங்கே பதிவுசெய்ய நம்மிடம் இருந்தவை 1921ஆம், 1937ஆம் ஆண்டுகளின் பழைய கட்டளைச் சட்டங்கள். 2024இல் இதற்கெனப் புதிய சட்டம் வந்தது. அதுவும் பரஸ்பரம் என்ற அடிப்படையில் அமைந்ததே. எனவே எல்லா நாட்டுத் தீர்ப்பும் இங்கே தானாகச் செல்லுபடியாகிவிடாது.

அப்படியானால் வழி என்ன? ஒப்பந்தம் எழுதும்போதே நடுத்தீர்ப்பு வாசகம் ஒன்றைச் சேர்ப்பது. நடுத்தீர்ப்புகளை ஏற்பதற்கான 1958ஆம் ஆண்டின் நியூயோர்க் உடன்படிக்கையில் இலங்கை, இந்தியா, சீனா, சவூதி, கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் உட்பட 170க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. நமது நாட்டில் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இதனைக் கவனிக்கிறது. இதிலும் இந்தியா தான் அறிவித்த நாடுகளில் வழங்கிய தீர்ப்பையே வெளிநாட்டு நடுத்தீர்ப்பாக ஏற்கும். சிங்கப்பூர் அதில் உண்டு. ஆனால் அங்கே செலவு அதிகம். இந்தியக் கம்பனியுடன் நடுத்தர அளவு வியாபாரம் என்றால் சென்னையையே நடுத்தீர்ப்பு இடமாக எழுதலாம். அங்கு கிடைப்பது அந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேறும்.

"வழக்கு நம்மூரில் நடந்தால் நமக்கு வாசி" என்பது பழைய கணக்கு. எதிராளியின் களஞ்சியமும் வங்கிக் கணக்கும் எங்கே இருக்கின்றனவோ அங்கே நிறைவேறக்கூடிய தீர்ப்புத்தான் நமக்கு வாசி. நடுத்தீர்ப்புச் செலவைத் தாங்காத சிறு தொகைக்கு இதெல்லாம் சரிவராது. அதற்கு முற்பணத்தைக் குறைப்பதும், வங்கி நாணயக் கடிதம் மூலம் கொடுப்பதுமே பாதுகாப்பு.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. நாமோ டெலிபோன் பேச்சை நம்பி இலட்சக்கணக்கில் அனுப்புகிறோம். அடுத்த ஓடருக்குக் காசு அனுப்பு முன், ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவர் ஏமாற்றினால், இவருடைய சொத்து இருக்கும் இடத்தில் எனது தீர்ப்பு செல்லுமா?"

அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.