கான்கிரீட் மாநாட்டில் கருத்தரங்கம்: முன்மொழிவது எப்படி?

கட்டடத் தொழில் கண்காட்சி என்றதும் நம் மனக்கண்ணில் வருபவை ராட்சதக் கலவை இயந்திரங்களும், அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டமும்தான். ஆனால் அதே வளாகத்தின் சிறு அறைகளில் நடக்கும் கருத்தரங்குகளே இம்மாநாடுகளின் உயிர்நாடி எனலாம். 1975-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தொடங்கி, பின்னர் லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் கூடிவரும் ‘வேர்ல்ட் ஆஃப் கான்கிரீட்’ இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. அதே பெயரில் நம் மும்பை கோரேகாவிலும் கண்காட்சி நடந்திருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1982-இல் தோன்றிய இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டும் இத்துறையில் பல மாநாடுகளை நடத்தியுள்ளது.

இத்தகைய கருத்தரங்குகளுக்குத் தலைப்பு தருவது பேராசிரியர்களின் வேலை என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியல்ல. தொழில் மாநாடு நடத்துபவர்கள் பல மாதங்களுக்கு முன்பே முன்மொழிவுகளைக் கேட்பது வழக்கம். களத்தில் கைநனைத்தவர்கள் எழுதுவதற்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

முன்மொழிவில் இருக்க வேண்டியவை

முதலாவது, யாருக்காகப் பேசுகிறோம் என்பது. ஒப்பந்ததாரருக்கா, பொறியாளருக்கா, மேஸ்திரிக்கா? ‘எல்லோருக்கும்’ என்று எழுதினால் யாருக்கும் இல்லை என்றுதான் பொருள். இரண்டாவது, கேட்டவர் மறுநாள் வேலையில் எதைச் செய்வார் என்பது. ‘கான்கிரீட்டின் தரம் பற்றிய விழிப்புணர்வு’ என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய். ‘ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று அளந்து ஊற்றுவார்’ என்பது பயன். மூன்றாவது, பேசுபவரின் அனுபவம். நான்காவது, எந்த நிறுவனத்தின் சரக்கையும் விற்கக்கூடாது. விற்பனைக்குத்தான் வெளியே கடை போட்டிருக்கிறார்களே!

ஓர் எடுத்துக்காட்டு

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கலவையில் சிமெண்டுக்குத் தண்ணீரின் விகிதம் கூடக்கூட வலிமை குறையும் என்பதை டஃப் ஆப்ராம்ஸ் 1918-இலேயே சிகாகோவில் சோதித்துச் சொல்லிவிட்டார். 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதிநூலும், கடற்காற்று நேரே படும் கம்பிக் கான்கிரீட்டுக்கு அந்த விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 22.5 லிட்டர். ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். மழைக்காலத்தில் இன்னும் குறைத்தே ஊற்ற வேண்டும்.

இது பொறியாளருக்குத் தெரியும். ஆனால் வாளி இருப்பது சித்தாளின் கையில். “கலவை இறுகலா இருக்கு, இன்னும் கொஞ்சம் விடும்மா” என்று மேஸ்திரி சொன்னால் அவர் ஊற்றத்தான் செய்வார். மேஸ்திரியையும் குறை சொல்வதற்கில்லை. நெருக்கமாகக் கம்பி கட்டிய தூணுக்குள் இறுகிய கலவை இறங்காது; தேனடை போலப் பொத்தல் விழும். ஆகவே “தண்ணி ஊத்தாதே” என்று மட்டும் சொல்லும் கருத்தரங்கு தோற்றுவிடும். தண்ணீரைக் கூட்டாமல் இளக வைக்கும் பிளாஸ்டிசைசரை எவ்வளவு சேர்ப்பது, வைப்ரேட்டரை எங்கே, எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதையும் செய்து காட்ட வேண்டும்.

மேடையில் யார்? எதிரில் யார்?

என் யோசனை இதுதான். ஒரே மேடையில் பொறியாளரும் அனுபவமிக்க மேஸ்திரியும் சேர்ந்து நிற்கட்டும். ஒருவர் காரணம் சொல்லட்டும், மற்றவர் கலந்து காட்டட்டும். ஒன்றை அதிகத் தண்ணீரிலும் மற்றதை அளவான தண்ணீரிலும் வார்த்து, 28 நாள் நீராற்றிய இரண்டு கட்டிகளை எல்லோர் முன்னிலையிலும் நசுக்கிக் காட்டினால், பத்துப் பக்கக் கட்டுரை சொல்லாததை அது சொல்லிவிடும்.

இன்னொன்று முக்கியம். தினக்கூலி வாங்கும் கொத்தனாருக்கு ஒரு நாள் கருத்தரங்கு என்பது ஒரு நாள் சம்பள இழப்பு. வீட்டில் அடுப்பெரிவது அந்தக் காசில்தான். ஆகவே அன்றைய கூலியை யார் தருவது என்ற வரி முன்மொழிவிலேயே இடம்பெற வேண்டும். பேச்சு இந்தியிலா, தமிழிலா, வங்காளத்திலா என்பதையும் குறிக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் அறை நிறையும். ஆனால் வந்திருப்பவர்கள் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.

பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த தமிழரில் பொறியாளரும் உண்டு, கொத்தனாரும் உண்டு. இருவரும் சந்திக்கும் இடம் நம் சங்கம். பெரிய மாநாட்டுக்கு முன்மொழிவு அனுப்புமுன், நம் சங்கக் கூடத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை நடத்திப் பார்க்கலாம். மேஸ்திரிகள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டால் முன்மொழிவில் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும். துறை அனுபவமுள்ள அன்பர்கள் முன்வர வேண்டுகிறேன்.