கருப்பை ஆயத்தமாகும் நாள்கள்

பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 1997 ஏப்ரலில் ஒரு கட்டுரை வந்தது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயே என்று அதில் நிறுவினார் டி. சி. ஆனந்தகுமார். 1986இல் இந்திரா இந்துஜாவுடன் இணைந்து மும்பையில் ஹர்ஷா என்னும் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க வழிசெய்து, அதுவரை அப்பெருமைக்கு உரியவராயிருந்தவரும் அவரே. ஓய்வுக்குப் பின் பெங்களூரில் வாழ்ந்த அவர், அரசுக் குழுவின் அவநம்பிக்கைக்கு ஆளாகி 1981இல் உயிரை மாய்த்துக்கொண்ட முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்தார். தம் புகழை உரியவரிடம் சேர்த்தார். அறிவியலில் இதனினும் உயர்ந்த நேர்மை ஏது?

அக்குறிப்புகளில் சிறப்பான செய்தி ஒன்று உண்டு. முகோபாத்யாய் சூலகத்தை மருந்தால் தூண்டி முட்டைகளை எடுத்தார். ஆனால், கருவை உடனே கருப்பையில் வைக்கவில்லை. 53 நாள் உறையவைத்து, தூண்டப்படாத இயல்பான மாதச் சுழற்சியில் வைத்தார். 1978 அக்டோபர் 3 அன்று குழந்தை பிறந்தது.

இயல்பான சுழற்சியில் வைத்ததன் நுட்பம் மஞ்சள் உடலத்தில் இருக்கிறது. முட்டை வெளியேறியதும் அதைச் சுமந்த நுண்பை மஞ்சள் உடலமாக மாறி, ஏறத்தாழ 14 நாள் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரக்கும். அதனால் கருப்பை உட்படலத்தின் சுரப்பிகள் சுருண்டு ஊட்டப்பொருளால் நிறையும். தசைகளின் சுருக்கம் அடங்கும். கரு பற்றிக்கொள்ளத்தக்க சில நாள்கள் வாய்க்கும். தூண்டிய சூலகத்திலோ மஞ்சள் உடலங்கள் பல. அவை தொடக்கத்தில் அளவுக்கு மீறிச் சுரப்பதால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, மஞ்சள் உடலத்தைத் தூண்டும் எல்.எச். என்னும் இயக்குநீரின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. எல்.எச். இல்லாமல் மஞ்சள் உடலம் நிலைக்காது. கரு ஊன்றும் வேளையில் புரோஜெஸ்டிரோன் வற்றிப்போகிறது.

அக்குறையை ஈடுசெய்யவே முட்டை எடுத்தபின் புரோஜெஸ்டிரோன் தருகின்றனர். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும் என்பதால் குளிகையாகவும் களிம்பாகவும் பிறப்புறுப்பின் வழியே வைப்பதுண்டு. எண்ணெயில் கரைத்த ஊசியும் உண்டு. போட்ட இடம் தடித்து நாள்கணக்கில் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அடுத்த ஊசிக்குச் செல்லும் பெண்களின் பொறுமையை நாம் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. வாயால் உண்ண, புரோஜெஸ்டிரோனை ஒத்த செயற்கை மருந்தான டைட்ரோஜெஸ்டிரோன் 10 மி.கி. மாத்திரை நாளுக்கு மூன்று வேளை தரப்படுகிறது. ஆனந்தகுமாரே ரீசஸ் குரங்குகளின் மூக்கில் புரோஜெஸ்டிரோனைத் தெளித்து, அது குருதியில் சேரும் வகையை ஆராய்ந்து 1982இல் வெளியிட்டார்.

இந்த ஆதரவு எதுவரை தேவை? கருப்பத்தின் ஏழாம் வாரத்துக்கு முன் மஞ்சள் உடலத்தை அகற்றினால் கரு கலையும் என்றும், புரோஜெஸ்டிரோன் அளித்தால் நிலைக்கும் என்றும் ஆர்பட் சாப்போ 1970களில் காட்டினார். அதன்பின் அப்பணியை நச்சுக்கொடி ஏற்கிறது.

உறையவைத்த கருவை மருந்தால் மட்டுமே ஆயத்தப்படுத்திய கருப்பையில் வைக்கும்போது, முட்டை வெளியேறாததால் மஞ்சள் உடலமே இராது. அவ்வாறு கருவுற்றோரிடம் பேறுகால இரத்தக்கொதிப்பு மிகுதி என அண்மை ஆய்வுகள் கண்டுள்ளன. மஞ்சள் உடலம் ரிலாக்சின் போன்றவற்றையும் சுரக்கிறது; புரோஜெஸ்டிரோன் மட்டும் அவற்றுக்கு ஈடாகாது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆதலின் மாதச் சுழற்சி சீராக உள்ள பெண்ணுக்கு, முகோபாத்யாய் கையாண்ட இயல்பான சுழற்சியையே முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.