வீட்டுப் பட்டறையில் பிறந்த பந்தயக் கார்கள்: மீட்டெடுப்பதில் என்ன சிக்கல்? விதிகள் சொல்வது என்ன?

பழமையான கார் என்றாலே அரச குடும்பங்களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களும் கண்காட்சி அணிவகுப்புகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், இந்திய ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் தங்கள் பட்டறைகளிலேயே உருவாக்கிய பந்தயக் கார்களுக்குத் தனி வரலாறு உண்டு. அத்தகைய கார் ஒன்று இன்று பழைய கொட்டகையில் கிடைத்தால், அதை மீட்டெடுப்பது ரோல்ஸ் ராய்ஸைப் புதுப்பிப்பதைவிடக் கடினமான பணியாகவே இருக்கும்.

ஏன் வீட்டில் தயாரித்தார்கள்?

சுதந்திரத்துக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வரவழைப்பது பெரும்பாலானோருக்கு எட்டாத ஒன்றாக இருந்தது. மறுபுறம், பந்தயம் நடத்த இடம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சென்னையை அடுத்த சோழவரம், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயக் களமாயிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை தடம் வரும் வரை நாட்டின் முக்கியப் பந்தயங்கள் இங்குதான் நடந்தன.

கைக்குக் கிடைத்தவை ஃபியட் 1100, அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே. இவற்றுள் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. மேல் உடலைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம் என்பதால் பட்டறைக்காரர்களுக்கு அது வசதி. பின்னாளில் கோவையின் எஸ். கரிவரதன், மாருதியின் 796 சிசி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். ஒற்றை ஆளாகக் கார் கட்டும் காலம் அத்துடன் வேறு கட்டத்தை எட்டியது எனலாம்.

மீட்டெடுப்பு எப்படி?

தொழிற்சாலைக் காருக்கு வரைபடமும் உதிரிபாகப் பட்டியலும் இருக்கும். பட்டறைக் காருக்கு அந்தக் காரே வரைபடம். ஆகவே, ஒரு போல்ட்டைக் கழற்றுமுன்பே ஒவ்வோர் இணைப்பையும் அளந்து, படமெடுத்து, குறித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்துவிட்டால் ஸ்டீயரிங் கோணம் போன்ற தகவல்கள் திரும்பக் கிடைக்காது.

பெரிய ஆபத்து வெளியே தெரியாத துருதான். சட்டகக் குழாய்கள் உட்புறத்திலிருந்து அரிக்கப்படும். மேற்பூச்சு பளபளப்பாக இருந்தாலும் குழாய்ச் சுவர் காகிதம் போல மெலிந்திருக்கலாம். அல்ட்ராசானிக் கருவியால் தடிமனை அளப்பது பாதுகாப்பு. அலுமினியத் தகடு இரும்புக் குழாயைத் தொடும் இடங்களில், ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெண்பொடியாகும். பழைய வெல்டிங் இணைப்புகளிலும் சக்கர அச்சுகளிலும் உள்ள நுண்விரிசல்களைச் சாய ஊடுருவல் சோதனை காட்டிக்கொடுக்கும்.

இறுகிய எஞ்சினைப் பலவந்தமாகச் சுழற்றக் கூடாது. ஸ்பார்க் பிளக் துளை வழியே எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டுக் கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பதே முறை. ரப்பர் எரிபொருள் குழாய்கள், பிரேக் சீல்கள், டயர்கள் ஆகியவற்றில் மட்டும் பழமையைப் போற்றுவதில் பொருளில்லை. மாற்றியே தீர வேண்டும்.

எவ்வளவு புதுப்பிப்பது என்பது அடுத்த கேள்வி. சர்வதேசப் பழமை வாகனக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனம், முழுமையாகப் புதுப்பிப்பதைவிட உள்ளதைப் பாதுகாப்பதற்கே முன்னுரிமை அளிக்கிறது. பட்டறைக் காருக்கு இது மிகவும் பொருந்தும். கோணலான கைவெல்டிங்கைச் சீராக்கினால், அதைக் கட்டியவரின் கையெழுத்தே அழிந்துவிடும்.

விதிகளில் இடமுண்டா?

மத்திய அரசு 2021 ஜூலையில் பழமை வாகனங்களுக்கான பதிவு விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவில் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு அவை பொருந்தும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு ரூ.5,000. 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும்.

சிக்கல் இங்குதான். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. பட்டறைப் பந்தயக் காரோ அந்த மாற்றங்களாலேயே உருவானது. பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டு, ஒருபோதும் சாலைப் பதிவு பெறாத காருக்கு, 50 ஆண்டுகளைக் கணக்கிட 'முதல் பதிவு' நாளும் இராது. எனவே, மீட்டெடுத்த பிறகும் அத்தகைய கார் பொதுச் சாலையில் ஓடாமல், டிரெய்லரில் ஏறித்தான் பந்தயத் தடத்துக்கோ கண்காட்சிக்கோ செல்ல வேண்டியிருக்கும்.